நுரையீரல் புற்றுநோய் ஊசிக்கு வெளிநாடு கிளம்புகிறீர்களா? நாங்கள் செய்யவிருந்த தவறுகள் இவை

கோத்தகிரியில், நுரையீரல் புற்றுநோய் வந்த எங்கள் சித்தப்பா வீட்டில் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. அதில் சித்தியின் கையெழுத்தில் நடுவே ஒரு கோடு, இடது பக்கம் கோயம்புத்தூர், வலது பக்கம் சீனா. இரண்டுக்கும் கீழே ஒரே ஒரு எண்தான், இம்யூனோதெரபி ஊசியின் விலை. வலது பக்க எண் இடது பக்கத்தில் பாதிகூட இல்லை. ஒன்றரை ஏக்கர் தேயிலையில் அரை ஏக்கரை விற்றால் போதும், கிளம்பிவிடலாம் என்று ஏறக்குறைய முடிவே ஆகிவிட்டது. ஏஜென்ட் ஒருவர் தினமும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்தார், மிகவும் அன்பாக.

அந்தக் கணக்குதான் முதல் தவறு. நான் கேள்விப்படும் பெரும்பாலான குடும்பங்கள் செய்வதும் அதைத்தான்.

இந்த வைத்தியம் ஒரு ஊசியோடு முடிவதில்லை. அதிகம் பேசப்படும் பெம்ப்ரோலிசுமாப், அதாவது கீட்ரூடாவை எடுத்துக்கொள்ளுங்கள். 3 வாரத்துக்கு ஒருமுறை 200 மி.கி., இல்லையென்றால் 6 வாரத்துக்கு ஒருமுறை 400 மி.கி. ஒரு குப்பியில் இருப்பது 100 மி.கி.தான். ஏஜென்ட் சொன்ன விலை ஒரு குப்பிக்கு, கோயம்புத்தூரில் சொன்னது ஒரு தடவைக்கு, அதாவது இரண்டு குப்பிக்கு! நோட்டில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன, யாருக்கும் உறைக்கவில்லை. அப்புறம், முற்றிய நிலையில் நோய் கட்டுக்குள் இருந்து உடம்பும் தாங்கினால், 3 வாரக் கணக்கில் 35 தடவை, அதாவது ஏறத்தாழ 2 ஆண்டு வரை போகும். மருந்து ஏறுவது என்னவோ அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்துக்காகக் குஞ்சப்பனை வழியாக மலை இறங்கி, கோவை, அங்கிருந்து விமானம், இன்னொரு விமானம், மொழி தெரியாத ஊரில் அறை, கூட ஒரு ஆள், ரத்தப் பரிசோதனை, சில மாதங்களுக்கு ஒரு ஸ்கேன். இதை 35ஆல் பெருக்கிப் பாருங்கள். 6 வாரத்துக்கு ஒருமுறை என்றாலும் பாதிதான் குறையும்.

இன்னொன்று. சீனாவில் சின்டிலிசுமாப், டிஸ்லெலிசுமாப் போன்ற இதே வகை அந்நாட்டு மருந்துகள் மலிவு என்பது பொய் இல்லை. ஆனால் செய்திகளில் வரும் அடிமட்ட விலை அந்நாட்டு அரசுக் காப்பீட்டில் இருப்பவர்களுக்கானது. வெளியிலிருந்து போகிறவருக்கு மருத்துவமனையின் வெளிநாட்டுப் பிரிவு வேறு பில் போடும். எழுத்தில் மொத்த மதிப்பீடு கேளுங்கள். எங்கள் ஏஜென்ட் அதைக் கேட்டதும் இரண்டு நாள் பதிலே போடவில்லை.

வெளிநாட்டு விலையை விசாரித்த அளவுக்கு உள்ளூர் விலையை நாங்கள் விசாரிக்கவில்லை என்பது இன்னும் வெட்கக்கேடு. பெம்ப்ரோலிசுமாப்புக்குச் சுங்கவரியை 2023இலேயே நீக்கிவிட்டார்கள். 2024 ஜூலை பட்ஜெட்டில் இதே வகை ஊசியான துர்வாலுமாப்புக்கும் ஒசிமெர்டினிப் மாத்திரைக்கும் சுங்கவரி போனது. 2025 செப்டம்பரில் இன்னொரு ஊசியான அட்டெசோலிசுமாப்புக்கு ஜிஎஸ்டியும் போனது. இவற்றையெல்லாம் கழித்தபிறகும் ஊசி சாமானியர் வாங்கக்கூடிய விலையில் இல்லைதான், லட்சங்களில்தான் பேச்சு. ஆனால் மருந்து நிறுவனங்களே நோயாளி உதவித் திட்டம் நடத்துகின்றன, சில தடவை காசு கட்டினால் சில தடவை இலவசம் என்கிற மாதிரி. மருத்துவமனையின் மருந்தகத்திலோ சமூகப் பணியாளரிடமோ முதல் ஊசிக்கு முன்பே கேட்கவேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் இந்த ஊசி அதில் வருமா, வராவிட்டால் ஸ்கேனும் கீமோவுமாவது வருமா என்று காப்பீட்டு கவுன்டரில் கேளுங்கள். அங்கே வரிசையில் நிற்க எங்கள் வீட்டில் ஒருவரும் தயாராக இல்லை, பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசையில் நிற்க நாலு பேர் தயார்.

சரி, பணத்தை விடுங்கள். அதைவிடப் பெரிய தவறு, இந்த ஊசி தனக்குத் தேவையா என்றே தெரியாமல் டிக்கெட் போடுவது.

நோயை எதிர்க்கும் நம் உடம்பின் டி செல்களுக்கு ஒரு பிரேக் உண்டு, பெயர் பிடி-1. புற்றுநோய் செல் பிடி-எல்1 என்ற புரதத்தை நீட்டி அந்தப் பிரேக்கை மிதித்துவிடுகிறது, டி செல் சும்மா நின்றுவிடும். இந்த ஊசிகள் அந்தக் காலை எடுத்துவிடுகின்றன. பிடி-1ஐக் கண்டறிந்த ஜப்பானின் தசுகு ஹோன்ஜோவுக்கும், இதேபோல் வேறொரு பிரேக்கை ஆராய்ந்த அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனுக்கும் 2018இல் நோபல் கிடைத்தது. ஆனால் எல்லா நுரையீரல் கட்டியும் இப்படி ஏமாற்றுவதில்லை. கட்டியில் இஜிஎஃப்ஆர் அல்லது ஏஎல்கே மரபணு மாற்றம் இருந்தால் இந்த ஊசி பெரும்பாலும் சரியாக வேலை செய்யாது, அதற்கென்றே மாத்திரைகள் இருக்கின்றன. புகை பிடிக்காதவர்களிடம் இந்த மாற்றங்கள் அதிகம், இஜிஎஃப்ஆர் மாற்றம் மேலை நாடுகளைவிட நம் நாட்டில் கூடுதல். அவசரப்பட்டு ஊசியைப் போட்டுவிட்டு, பிறகு மாற்றம் இருப்பது தெரிந்து உடனே அந்த மாத்திரைகளில் ஒன்றான ஒசிமெர்டினிப்புக்கு மாறினால் நுரையீரல் மோசமாக அழற்சி கொள்ளும் ஆபத்தும் உண்டு. முதலில் ஊசி, தோதில்லை என்றால் மாத்திரை என்பது விளையாட்டு இல்லை.

சித்தப்பாவுக்கு பிடி-எல்1 ரிப்போர்ட் மட்டும் வந்திருந்தது, 60 சதவீதம், அதாவது கட்டிச் செல்களில் அத்தனை பங்கில் அந்தப் புரதம் இருக்கிறது. 50க்கு மேல் இருந்தால் கீமோ இல்லாமல் இந்த ஊசியை மட்டும் தரலாம் என்பது உண்மைதான். மரபணு ரிப்போர்ட் வர இன்னும் பத்து நாள் ஆகும் என்றார்கள். ஏஜென்ட், அதெல்லாம் வேண்டாம், வந்து ஆரம்பித்துவிடலாம் என்றார். கோவை டாக்டர், பத்து நாள் பொறுங்கள் என்றார். பீடி பிடித்த மனுஷன், மாற்றம் இல்லை என்றே கடைசியில் வந்தது. மாற்றம் இருந்திருந்தால்? அந்தப் பத்து நாளும் வீட்டில் நடந்த சண்டையை இங்கே எழுதமுடியாது.

கிளம்புகிறவர்கள் ரிப்போர்ட் தாள்களை மட்டும் எடுத்துப்போகிறார்கள். பயாப்ஸி எடுத்த சதையை மெழுகில் பதித்து ஒரு சின்ன பிளாஸ்டிக் கூட்டில் வைத்திருப்பார்கள், கட்டைவிரல் அகலம்தான் இருக்கும், அதைத்தான் பிளாக் என்கிறார்கள். எழுதிக் கொடுத்தால் லேப் தரும். அதுவும் கண்ணாடி ஸ்லைடுகளும் ஸ்கேனின் சிடியும் இல்லாமல் போனால் அங்கே மறுபடி ஊசி குத்தி சதை எடுப்பார்கள். கைப்பையில் வையுங்கள், வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள், மெழுகு.

பெயரில் ஏமாறுவது தனிக்கதை. இம்யூனோதெரபி என்றவுடன் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், அதுதான் இம்யூனிட்டி கூட்டுவதுதானே, இங்கேயே கஷாயம் இருக்கிறதே என்றார். அவராவது பாசத்தில் சொன்னார். டென்ட்ரிடிக் செல், என்கே செல் என்று ரத்தத்திலிருந்து எதிர்ப்புச் செல்களை எடுத்து வளர்த்துத் திருப்பி ஏற்றுகிறோம் என்று விளம்பரம் செய்யும் கிளினிக்குகளும் அதே சொல்லைத்தான் போடுகின்றன. சீனாவில் ஒரு கல்லூரி மாணவர், நுரையீரல் அல்ல, வேறு வகைப் புற்றுநோய், தேடுபொறியில் முதலில் வந்த விளம்பரத்தை நம்பி அப்படிப்பட்ட வைத்தியத்துக்குக் குடும்பப் பணத்தையெல்லாம் கொட்டி 2016இல் இறந்துபோனார், நாடே கொதித்தது. நுரையீரல் புற்றுநோய்க்கான கியூபாவின் சிமாவாக்ஸ் உண்மையான ஆராய்ச்சியில் வந்த மருந்துதான், ஆனால் அது தடுப்பூசி வகை, கீட்ரூடாவுக்கு மலிவான மாற்று அல்ல. மருந்தின் பொதுப்பெயரை எழுதி வாங்குங்கள். பெயர் சொல்லத் தயங்குகிற இடத்துக்குப் போகவேண்டாம்.

விமானம் பற்றி யாரும் சொல்லாத ஒன்று. விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதுபோல் இருக்காது, 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல் இருக்கும். ஊட்டி ஏறத்தாழ 7,350 அடி. ஊட்டி மார்க்கெட்டில் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிற நோயாளிக்கு விமானத்திலும் வாங்கும். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தாலோ, பயாப்ஸிக்குப் பிறகு காற்றுக் கசிவு இருந்தாலோ டாக்டர் பார்த்துச் சொல்லாமல் ஏறவே கூடாது.

அங்கே ஏற்றிக்கொள்ளாமல் மருந்தை மட்டும் வாங்கி வரலாமே என்பது அடுத்த யோசனை. எங்களுக்கும் வந்தது. இந்த ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும், உறையக்கூடாது, குலுக்கக்கூடாது. ஐஸ் பேக்கை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும், தள்ளி வைத்தால் சூடாகும், போதாக்குறைக்கு நம் ஹேர்பின் வளைவுகள். வெளியே வாங்கிவந்த மருந்தைப் பல மருத்துவமனைகள் ஏற்றவும் மாட்டார்கள். அதோடு போலி. 2024 மார்ச்சில் டெல்லி போலீஸ் பிடித்த கும்பல், காலியான புற்றுநோய் மருந்துக் குப்பிகளை வாங்கிப் பூஞ்சைத் தொற்று மருந்தை ஊற்றி லட்சக்கணக்கில் விற்றது. அதனால் பாதி விலைக்கு ஆள் இருக்கிறது என்று யார் சொன்னாலும் வேண்டாம். பில்லில் இருக்கும் பேட்ச் எண்ணும் குப்பியில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள், காலிக் குப்பியின் லேபிளை மார்க்கரால் கிறுக்கிவிடச் சொல்லுங்கள். சித்தி ஒவ்வொரு தடவையும் கேட்பாள். நர்ஸ்களுக்கு இப்போது பழகிவிட்டது.

இங்கிருந்து வெளியே போவது ஒருபக்கம் இருக்க, நம்மிடம் வருகிறவர்களுக்கு இந்தியாதான் வெளிநாடு. சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது, பாதிப்பேர் இன்னும் அங்கே மலையகத்தில். ஹட்டனிலிருந்து அத்தை மகன் தன் மாமனாருக்காக போன் செய்து, அங்கே வந்தால் மலிவாமே என்று கேட்டபோது எனக்குச் சித்தியின் நோட்டுதான் ஞாபகம் வந்தது. இ-மெடிக்கல் விசா 60 நாளைக்குத்தான், அதற்குள் 3 முறை வரலாம், கூட வர 2 பேருக்கு அட்டெண்டன்ட் விசா. 2 ஆண்டு வைத்தியத்துக்கு அது எந்த மூலைக்கு? தூதரகம் வழியாக முறையான மருத்துவ விசா எடுத்துத்தான் வரவேண்டும். அவரிடம் நான் சொன்னது இதுதான்: மஹரகமவில் இருக்கும் அரசுப் புற்றுநோய் மருத்துவமனையான அபேக்ஷாவில் முதலில் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். இங்கே வந்தால் ஒருமுறை வந்து முழுப் பரிசோதனையும் சிகிச்சைத் திட்டமும் வாங்கிக்கொண்டு போங்கள், முடிந்தால் ஊசியை அங்கேயே ஏற்றுங்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. இலவசமாகக் கிடைப்பது நல்லதாக இருக்காது என்பது எங்கள் வம்ச நம்பிக்கை.

ஏன் வீட்டுக்குப் பக்கத்தில் என்று இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், கோவையிலேயே போட ஆரம்பித்து நாலாவது ஊசிக்குப் பிறகு நடந்ததால். ஜூலை, விடாத மழை, சித்தப்பாவுக்கு வறட்டு இருமல். பனி என்றார்கள், ஸ்வெட்டர் போடச் சொன்னார்கள், மருந்துக்கடையில் சிரப்பும் ஆன்டிபயாடிக்கும் வாங்கிக் கொடுத்தோம். மூன்றாம் நாள் இரவு கழிப்பறை வரை நடந்து வந்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் எப்போதும் 95 காட்டும், அன்று 89. பிரேக் எடுத்துவிட்ட டி செல்கள் கட்டியை மட்டும் தாக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. நுரையீரலைத் தாக்கினால் இருமல், குடலைத் தாக்கினால் வயிற்றுப்போக்கு, தைராய்டைத் தாக்கினால் அசதி, அரிதாக இதயத்தையும் தாக்கும், ஊசியை நிறுத்திப் பல மாதம் கழித்துக்கூட. நுரையீரலில் வந்தால் பார்ப்பதற்கு நிமோனியா மாதிரியே இருக்கும், ஆனால் இதற்கு முக்கிய வைத்தியம் ஸ்டீராய்டு, தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

இரவு பதினொன்றுக்குக் கோவை டாக்டரை அழைத்தோம், எடுத்தார். இப்போதே கீழே இறக்குங்கள், எந்த எமர்ஜென்சியில் பார்த்தாலும் இம்யூனோதெரபியில் இருப்பவர் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள் என்றார். குஞ்சப்பனைப் பக்கம் மரம் விழுந்திருந்ததால் குன்னூர் சுற்றி இறங்கினோம். விடிவதற்குள் சிடி ஸ்கேன், ஸ்டீராய்டு. ஊசியைக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்தார்கள். சீனாவில் இருக்கும் டாக்டராக இருந்தால் அந்த நேரத்தில் ஏஜென்ட்டைத்தான் எழுப்பியிருக்கவேண்டும்.

இப்போது சித்தப்பாவின் ஸ்வெட்டர் பையில் லேமினேட் செய்த ஒரு அட்டை இருக்கிறது. மருந்தின் பெயர், கடைசியாக ஏற்றிய தேதி, டாக்டரின் நம்பர், கீழே சிவப்பு மையில் புது இருமல், மூச்சுத்திணறல், நாளைக்கு நாலு தடவைக்கு மேல் பேதி என்றால் உடனே அழைக்கவும் என்று. சித்தி அதை எழுதிய தாள் அந்த நோட்டிலிருந்து கிழித்ததுதான்.