டிகாஷன் சொட்டாமல் நிற்கிறதா? ஏற்காட்டுப் பொடியில் ஃபில்டர் காப்பி போடும் முறை

ஏற்காடு போய்விட்டுக் காப்பிப் பொடி வாங்காமல் மலை இறங்குகிறவர்கள் குறைவு. இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி வீட்டுக்கு வந்த அந்தப் பொடி, மறுநாள் காலையில் ஃபில்டருக்குள் அடம் பிடிக்கும். மேலே தண்ணீர் அப்படியே நிற்கும், கீழே பத்துப் பதினைந்து சொட்டு. இல்லாவிட்டால் இரண்டே நிமிடத்தில் மடமடவென்று இறங்கி, வெளிறிய நீராகக் கிடக்கும். உடனே பொடி சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். பொடியில் குறை இருப்பது அபூர்வம். ஃபில்டரைக் கையாளும் விதத்தில்தான் கோளாறு. முக்கியமாக, மேல் பாத்திரத்தை அழுத்திப் பொருத்துகிற இடத்தில்.

கீழே சொல்கிற அளவெல்லாம் இரண்டு பேருக்கான சின்ன ஃபில்டருக்கு.

பொடி

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் விளைவது பெரும்பாலும் அராபிகா என்ற காப்பி வகை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் அங்கே காப்பிச் செடி வந்தது. சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடிக்கு நடுவே வளர்வது. வாசனைக்கு இதை அடிக்க ஆளில்லை, ஆனால் கூடவே ஒரு புளிப்பும் உண்டு. இளம் வறுவலாக வாங்கிப் பால் ஊற்றினால் அந்தப் புளிப்பு தூக்கலாகத் தெரியும். பால் காப்பிக்கு நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலே வறுத்தது கேளுங்கள்.

கடையில் 'பிளாண்டேஷன் ஏ', 'பீபெரி' என்று எழுதியிருப்பார்கள். பிளாண்டேஷன் என்றால் பழத்தின் தோலும் சதையும் நீக்கி, கழுவிக் காயவைத்த அராபிகா. ஏ, பி என்பதெல்லாம் சல்லடையில் பிரித்த கொட்டையின் அளவு. பீபெரி என்பது பழத்துக்குள் இரண்டாக இல்லாமல் ஒற்றையாக உருண்டு விளைந்த கொட்டை. தொடங்குகிறவர்களுக்குப் பிளாண்டேஷன் ஏ போதும்.

சிக்கரி 20 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி. சட்டப்படி கலவையில் காப்பி 51 சதவீதம் இருந்தாலே போதும், அதனால் பாக்கெட்டைத் திருப்பி விகிதத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். சிக்கரி கெட்டியும் கருப்பும் தரும். ஆனால் ஈரம் பட்டதும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு ஓட்டையை அடைக்கும். 40 சதவீதக் கலவையில் டிகாஷன் மெதுவாக இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அரைக்கும்போது 'ஃபில்டருக்கு' என்று சொல்லுங்கள். விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தால் ரவையை விடப் பொடிசாகவும், கேழ்வரகு மாவை விடக் கரகரப்பாகவும் இருக்க வேண்டும். மாவாகிவிட்டால் அடைக்கும், ரவையாக இருந்தால் ஓடிவிடும். மிஷினிலிருந்து வந்த பொடி சூடாக இருந்தால் வீட்டுக்கு வந்ததும் பாக்கெட்டைத் திறந்து ஆறவிட்டு, அப்புறம் டப்பாவில் போட்டு இறுக்கி மூடுங்கள்.

ஃபில்டர்

மேல் பாத்திரம், கீழ் பாத்திரம், குடை (பொடியின் மேல் வைக்கிற, காம்பு உள்ள ஓட்டைத் தட்டு), மூடி, அவ்வளவுதான். பித்தளையா ஸ்டீலா என்ற கேள்விக்கு என் ஓட்டு ஸ்டீலுக்கு. ஸ்டீல் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லாத சேலத்தில் நல்ல கனமான ஃபில்டர் கிடைப்பது கஷ்டமே இல்லை. பித்தளை அழகு, மறுக்கவில்லை. ஆனால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும்; பூச்சு தேய்ந்துபோன பித்தளையில் டிகாஷனை வைக்கவே கூடாது.

வாங்கும்போது மேல் பாத்திரத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி உள்ளே பாருங்கள். ஓட்டைகள் ஒரே அளவாக, ஊசிமுனை போல வெளிச்சம் விட வேண்டும். சில ஃபில்டரில் நடுவே சரியாக இருக்கும், ஓரத்து வரிசை மட்டும் பாதி திறந்திருக்கும். அது வேண்டாம்.

தண்ணீர்

சேலத்தில் மேட்டூர்த் தண்ணீர் வரும் வீடுகளுக்குப் பிரச்சினை இல்லை. போர் தண்ணீரில்தான் சிக்கல். மலையடிவாரத்தில் வெள்ளைக்கல் வெட்டும் பூமி இது, நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருக்கும் இடங்கள் நிறைய. உப்புத் தண்ணீர் காப்பியின் புளிப்பை அடித்துவிடும். கூடவே வாசனையும் மங்கி, காப்பி சப்பென்று ஆகிவிடும். குடிக்கிற தண்ணீரையே காப்பிக்கும் வையுங்கள்.

120 மில்லி போதும். சேலத்தில் கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிடம் பொறுங்கள். ஏற்காட்டில் பொறுக்காதீர்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அடுப்பிலிருந்து இறக்கியதும் நேராக ஊற்ற வேண்டும். மலையில் இன்னொன்றும் செய்ய வேண்டும்: காலைக் குளிரில் ஃபில்டர் ஜில்லென்று கிடக்கும், அதனால் முதலில் ஃபில்டரை வெந்நீரில் அலசி, நன்றாகத் துடைத்துவிட்டுப் பொடி போடுங்கள். ஆறிய தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும், சாரமும் முழுசாக வராது.

பொடி போடுவதும் தண்ணீர் ஊற்றுவதும்

குவியலாக மூன்று மேசைக்கரண்டி, சுமார் 20 கிராம். போட்டதும் பக்கத்தில் இரண்டு தட்டு தட்டினால் பொடி சமமாகும். குடையை வைத்து, ஒரு விரலால் லேசாக ஒரு அழுத்து. இட்லி வெந்ததா என்று தொட்டுப் பார்க்கிற அழுத்தம், அதற்கு மேல் வேண்டாம். அழுத்தாமல் விட்டால் தண்ணீர் ஓரமாக வழி பிடித்து ஓடிவிடும். அமுக்கித் திணித்தால் நடுவே களிமண் போலக் கெட்டிப்பட்டுவிடும்.

முதலில் 30 மில்லி மட்டும், குடையின் காம்பின் மேல் மெல்ல. புதுப் பொடியாக இருந்தால் குடையே கொஞ்சம் மேலெழும்பும், ஓரத்தில் நுரை கட்டும். வறுத்த கொட்டைக்குள் இருக்கும் கரியமில வாயு வெளியேறுகிறது. அது போக ஒரு நிமிடம் கொடுங்கள். பிறகு மீதி 90 மில்லியையும் ஊற்றி, மூடியைச் சாய்வாக வையுங்கள்.

சொட்டு நின்றுபோனால்

நிறைய பேர் கைவிடுகிற இடம் இது. முதலில் சொட்டும், பிறகு நின்றுவிடும். உடனே குடையைக் கரண்டியால் குத்தத் தொடங்குவார்கள். தயவுசெய்து குத்தாதீர்கள், பொடி கலங்கி நுண்தூள் எல்லாம் ஓட்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

உண்மையில் நடப்பது காற்று அடைப்பு. மேல் பாத்திரம் கீழ் பாத்திரத்துக்குள் இறுக்கமாக உட்கார்கிறது. இடுக்கில் ஈரம் பட்டால் அந்தப் பொருத்து அப்படியே சீல் வைத்த மாதிரி ஆகிவிடும். டிகாஷன் கீழே வர வர அங்கிருக்கும் காற்று வெளியே போக வழி வேண்டும். வழி இல்லை என்றால் உள்ளேயே அமுங்கும், சூட்டில் விரியவும் செய்யும். மேலே நிற்பது நாலைந்து சென்டிமீட்டர் தண்ணீர்தான். அதன் எடையைத் தாங்கி நிறுத்த, உள்ளே ஒரு மில்லிக்கும் குறைவான டிகாஷன் இறங்கியிருந்தாலே போதும். அதாவது அந்தப் பத்துப் பதினைந்து சொட்டு.

சோதிப்பது சுலபம். துணியால் பிடித்து மேல் பாத்திரத்தை ஒரு நூல் அளவு தூக்குங்கள். 'புஸ்' என்று மெல்லிய சத்தம் வந்து சொட்டு விறுவிறுவென்று விழுந்தால் காற்று அடைப்புதான். திரும்ப வைக்கும்போது அழுத்தாமல், கொஞ்சம் திருப்பி, தளர்வாக உட்காரவிடுங்கள். தினமும் இதே தொந்தரவு என்றால் பொருத்தின் இடுக்கில் ஒரு தடித்த பருத்தி நூலைக் குறுக்கே கிடத்தி வையுங்கள், காற்றுக்கு அந்த இடைவெளி போதும். மூடியும் ஆவியில் நனைந்து இறுகிக்கொள்ளும், அதற்காகத்தான் சாய்வாக வைக்கச் சொன்னது.

தூக்கிப் பார்த்தும் சொட்டவில்லை என்றால்தான் பொடி அல்லது ஓட்டை மேல் சந்தேகப்பட வேண்டும்.

சரியாக இறங்கும் ஃபில்டரில் தொடக்கத்தில் நொடிக்கு ஒன்றிரண்டு சொட்டு விழும், மொத்தம் 15 முதல் 20 நிமிடம். ஊற்றிய 120 மில்லியில் பொடி 40 மில்லி வரை குடித்துவிடும், கையில் கிடைப்பது 80 மில்லி. நீங்கள் தவறவிட்டது ஒன்றும் இல்லை, கணக்கே அவ்வளவுதான்.

கலப்பது, ஆற்றுவது

டம்ளரில் முதலில் சர்க்கரை, அதன்மேல் 40 மில்லி டிகாஷன், பிறகு பொங்கி வந்த பால் 100 மில்லி. ஒரு பொங்கு வந்ததும் இறக்கிய பாலாக இருக்கட்டும். கொதித்துக் கொதித்து ஆடை கட்டிய பால் காப்பியின் வாசனையை மூடிவிடும். பாலில் தண்ணீர் சேர்க்காதீர்கள். 6 சதவீதக் கொழுப்புப் பால் என்றால் பாலைக் கொஞ்சம் குறையுங்கள், இல்லாவிட்டால் பால்தான் முன்னால் நிற்கும்.

டிகாஷனை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடக் கூடாது. கசப்பு ஏறும், வாசனை சமையலறையிலேயே போய்விடும். ஆறியிருந்தால் டிகாஷன் கிண்ணத்தைக் கொதிநீரில் நிறுத்துங்கள், போதும்.

டம்ளரில் வெளிப்பக்கம் மடித்த விளிம்பு இருக்கிறதே, அழகுக்கு மட்டும் இல்லை அது. ஸ்டீல் மெல்லிசு, நடு உடம்பைப் பிடித்தால் கை சுடும். கட்டைவிரலும் நடுவிரலும் அந்த விளிம்பில்தான் நிற்க வேண்டும். தூக்கிக் குடிக்கிறவர்களுக்கும் காப்பி மேவாயில் வழியாமல் விழுவது அந்த வளைவால்தான். மழுங்கிய நேர்விளிம்பு டம்ளரை வாங்கிவிட்டு 'ஆற்ற வரவில்லை' என்று வருத்தப்பட வேண்டாம், அதில் யாருக்கும் வராது. டபராவும் அகலமாக, டம்ளர் நிறையக் காப்பி ஊற்றினாலும் பாதிக்கு மேல் நிரம்பாததாக இருக்கட்டும்.

டபராவிலிருந்து டம்ளருக்கு ஒரு முழ உயரத்தில் மூன்று முறை. அதோடு குடிக்கிற சூட்டுக்கு வந்துவிடும். நுரை மேலே நிற்கும்போதே குடித்துவிடுங்கள். பீங்கான் கோப்பையில்தான் குடிப்பேன் என்கிறவர்கள் கோப்பையை வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக்கொள்ளுங்கள், கனமான பீங்கான் முதல் வாய் சூட்டை உறிஞ்சிவிடும்.

பின்சேர்க்கை 1: வெல்லம் போட்டால் பால் திரிகிறது

நிறையப் பேர் கேட்டது. சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டி வெல்லம் பக்கத்திலேயே கிடைக்கும்போது சர்க்கரை எதற்கு என்று நினைப்பது நியாயம்தான். வெல்லத்தில் லேசான புளிப்பு உண்டு, கொதிக்கிற பாலில் அது விழுந்தால் திரியும். பொடித்த வெல்லத்தைச் சூடான டிகாஷனில் முழுக்கக் கரையுங்கள், மண் இருந்தால் வடிகட்டுங்கள், இறக்கி இரண்டு நிமிடம் ஆறிய பாலை அதன்மேல் ஊற்றுங்கள். வெல்லம் போட்ட காப்பியை மறுபடி அடுப்பில் ஏற்றாதீர்கள்.

பின்சேர்க்கை 2: பழைய ஃபில்டர், ஓட்டை அடைத்துவிட்டது

ஸ்டீல் ஃபில்டர் என்றால் மேல் பாத்திரத்தின் அடியை இடுக்கியால் பிடித்து, சின்னத் தீயில் ஒரு நிமிடம் காட்டுங்கள். அடைத்திருக்கும் காப்பித்தூள் கருகிவிடும். நன்றாக ஆறியதும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் வெளிப்பக்கத்திலிருந்து தேய்த்துக் கழுவுங்கள். ஊசியால் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிட்டால் அந்த இடத்தில் தூளும் சேர்ந்து இறங்கும்.

வெள்ளையாகப் படிந்திருந்தால் அது உப்புத் தண்ணீரின் படிவு, தீயில் போகாது. எலுமிச்சம்பழ அளவு புளியைக் கரைத்து, அந்தத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் விட்டுவிடும். ஈயம் பூசிய பித்தளையை மட்டும் தீயில் காட்டவே கூடாது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், உள்பூச்சு வழிந்துபோகும். அதை வெந்நீரில் ஒரு இரவு ஊறவைத்துப் பிரஷ் போடுங்கள்.

பின்சேர்க்கை 3: இரண்டாம் டிகாஷன்

எடுக்கலாம், 60 மில்லி வெந்நீருக்கு மேல் ஊற்றாமல். அதைத் தனியாகக் கலந்தால் நீர்த்துத்தான் இருக்கும், முதல் டிகாஷனோடு பாதிக்குப் பாதி சேருங்கள். மீந்ததை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் காலை வரை தாங்கும். பொடியை மாலை வரை ஃபில்டரிலேயே விட்டுவைக்காதீர்கள். காய்ந்து ஒட்டினால் முதலில் அடைவது அந்த ஓரத்து வரிசை ஓட்டைகள்தான்.