பறக்காத விமானத்தையும் கட்டித்தான் வைக்க வேண்டும்

போன மாதம் ஒருவர் தான் செய்த ஃபோக்கர் மூவிறக்கை விமானத்தின் (முதல் உலகப் போர்க் கால ஜெர்மன் போர் விமானம், டிஆர்.1 என்று பெயர்) படத்தை அனுப்பியிருந்தார். கண்காட்சியில் நிறுத்துவதற்கான, பறக்காத முழு அளவு நகல், மரச்சட்டத்தின் மேல் துணி, மூன்று வருட உழைப்பு. வேலை அவ்வளவு சுத்தம். ஆனால் என் கண் நேராகச் சக்கரத்துக்குத்தான் போனது: முன்னால் இரண்டு செங்கல், அச்சில் ஒரு நைலான் கயிறு, கயிற்றின் மறுமுனையில் கூடாரத்துக்கு அடிக்கிற முளை. நான் முதல் விமானத்தைக் கண்காட்சியில் நிறுத்தியபோது எடுத்த படமும் அச்சு அசல் இப்படித்தான் இருக்கும். அதனால்தான் இப்படி நகல் செய்கிற புதியவர்கள் செய்யும் தவறுகளை எழுதுகிறேன். கொட்டகைக் கதவைவிட நீளமாக இறக்கை செய்துவிடுவது, பசை காய்வதற்குள் தூக்குவது மாதிரியானவற்றை விட்டுவிடுகிறேன், அவை ஒரு முறை பட்டாலே புரிந்துவிடும்.

"இது பறக்கவே பறக்காதே, எதற்குக் கயிறு போட்டுக் கட்டணும்?"

இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். காரணம், ஒரு காலத்தில் நானே அப்படிக் கேட்டவன். இறக்கைக்கு வேண்டியது காற்று, அவ்வளவுதான். அந்தக் காற்று எஞ்சின் ஓடுவதால் வருகிறதா, தானாக வீசுகிறதா என்று அது பார்த்துக்கொண்டிருக்காது.

கணக்கு போட்டுப் பாருங்கள். அசல் ஃபோக்கர் டிஆர்.1, விமானி, எரிபொருள், துப்பாக்கி எல்லாம் சேர்த்து 586 கிலோ. வேகம் மணிக்கு 72 கிலோமீட்டருக்குக் கீழே போனால்தான் அதன் இறக்கைகள் எடையைத் தாங்க முடியாமல் கைவிடும். தூக்கு விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது, ஆக எடை கால்வாசியானால் பாதி வேகமே போதும். என் நகல் 150 கிலோகூட வராது. மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றில் அது எழும்பிவிடும். அது புயல் இல்லை, தொப்பியைக் கையால் பிடித்துக்கொள்ள வைக்கிற காற்று. போதாக்குறைக்கு, வால் தரையில் இருப்பதால் மூக்கு மேலே பார்த்து நிற்கும், அதாவது இறக்கை தூக்குவதற்குத் தோதான கோணத்திலேயே காத்துக்கொண்டிருக்கும். எஞ்சினும் பிளைவுட்டிலும் பிளாஸ்டிக் குழாயிலும் செய்த போலி என்பதால் மூக்கில் கனமே கிடையாது.

நான் கட்டாமல் விட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். கட்டினேன், அச்சில் கட்டினேன். அசலில் இருப்பது போலவே அச்சை ரப்பர் கயிற்றால் சுற்றி, சட்டத்தோடு பிணைத்திருந்தேன், அதில் பெருமை வேறு. இரண்டாம் நாள் மதியம் எதிர்க்காற்று வந்தது. அச்சு தரையிலேயே இருந்தது, ரப்பர் இழுபட்டு விமானம் மட்டும் ஒரு சாண் எழும்பி, தொப்பென்று இறங்கியது. மறுபடி எழும்பியது. ஒவ்வொரு முறையும் கயிறு வெடுக்கென்று முளையை இழுக்க, முந்தின இரவு மழையில் ஊறியிருந்த மண்ணிலிருந்து மூன்றாவது இழுப்பில் முளை வந்துவிட்டது. உதவி செய்கிறோம் என்று இரண்டு பேர் ஓடிவந்து வாலைப் பிடித்து அழுத்தினார்கள். வால் தாழத் தாழ மூக்கு இன்னும் ஏறியது. அப்புறம் ஒரு பக்கமாகச் சாய்ந்து இடப்புறக் கீழ் இறக்கை தரையில் குத்தியது. மூன்று இறக்கைகளையும் ஒரே தாங்குகட்டை இணைக்கிறது இல்லையா, ஒன்று ஒடிந்ததோடு மற்ற இரண்டும் போயின. யாருக்கும் அடிபடவில்லை. திரும்பச் செய்து முடிக்கப் பதினான்கு மாதம் ஆனது.

இப்போது செய்வது இதுதான். கட்டுவதற்கான வளையங்களை இறக்கைக்குள் நீளவாக்கில் ஓடும் முதன்மை உத்தரத்திலும் வால்பக்கச் சட்டத்திலும் போல்ட் போட்டு முறுக்குகிறேன், அச்சைத் தொடுவதே இல்லை. தரையில் திருகி இறக்குகிற முளைகள். பட்டையைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும், தொய்வு இருந்தால் வெடுக்கென்று இழுபடும். காற்று வரும்போல் இருந்தால் வாலை ஒரு முக்காலியில் ஏற்றி இறக்கையை மட்டமாக்கிவிடுவேன், மேல் இறக்கையின் முதுகில் நீளவாக்கில் மணல் பைகள், அசையும் பாகங்கள் எல்லாவற்றுக்கும் பூட்டு. செங்கல் சக்கரத்தை உருளாமல்தான் நிறுத்தும், எழும்பாமல் நிறுத்தாது.

வெள்ளிப் பூச்சை விட்டுவிடுவது

அலுமினியத் தூள் கலந்த டோப் (துணியை இறுக்கிக் கெட்டியாக்கும் பூச்சு) பூசாமல் நேராக வண்ணம் அடித்தால் வெயில் துணியைத் தின்றுவிடும். அசலில் அது இல்லையே என்று வாதாடுவார்கள். அசல் போர்க்களத்தில் சில மாதம் தாங்கினால் போதும், உங்களுடையது பத்து வருடம் நிற்க வேண்டும். பூசியபின் இறக்கைக்குள் ஒரு விளக்கை வைத்துப் பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் இன்னொரு பூச்சு.

இறக்கையின் பின்விளிம்பு

ஃபோக்கரில் அது கம்பி. துணி சுருங்கும்போது கம்பியை உள்ளே இழுத்து, விலாக்களுக்கு (இறக்கையின் குறுக்குச் சட்டங்களுக்கு) நடுவே சின்னச் சின்ன வளைவுகளாக நிற்கும். புதியவர்கள் அங்கே நேரான மரச்சட்டம் வைத்துவிடுகிறார்கள். தூரத்திலிருந்தே பொய் தெரிந்துவிடும்.

எல்லாமே சிவப்பு

சுமார் 320 டிஆர்.1 செய்யப்பட்டன. 'ரெட் பேரன்' என்று பெயர் பெற்ற ஜெர்மன் விமானி ரிக்டோஃபன் 1918 ஏப்ரல் 21 அன்று கடைசியாக ஏறிய 425/17 எண் விமானம் முழுச் சிவப்பு, அதற்காக எல்லாவற்றுக்கும் சிவப்பு அடிக்க வேண்டியதில்லை.

ஸ்பிட்ஃபயரைச் "சரிசெய்வது"

இரண்டாம் உலகப் போர்க் கால பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் முதல் வகை, மார்க் 1-இன் இறக்கைகளின் அடியில் ஒரு பக்கம் பெரிய ரேடியேட்டர், மறுபக்கம் சின்ன ஆயில் கூலர். இரண்டும் ஒன்றுபோல இருக்காது. தப்பு என்று நினைத்து ஒன்றாக்கிவிடாதீர்கள்.

1940 விமானத்துக்கு 1944 கறுப்பு வெள்ளைப் பட்டை

அது நார்மண்டி படையெடுப்பின்போது நேச நாட்டு விமானங்களுக்கு அடித்த அடையாளம். வேண்டாம்.

பழைய அசல் மீட்டர்கள்

இருட்டில் ஒளிர்ந்த முகப்புகளில் ரேடியம் இருக்கலாம். ஒளிர்வது நின்றுபோனாலும் கதிர்வீச்சு நிற்காது. திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள்.

போலித் துப்பாக்கி

எடுத்துப் போகும் முன் காவல்துறையிடம் சொல்லிவிடுங்கள்.

பார்க்க வருபவர்கள்

துணியை விரலால் குத்திப் பார்ப்பார்கள். பெரியவர்கள்தான், குழந்தைகள்கூட இல்லை. ஒட்டுப்போடத் துணியும் டோப்பும் கையோடு இருக்கட்டும்.