சிடிஎல் எழுத்துத் தேர்வா? ஏர் பிரேக்கில் ஆரம்பியுங்கள்

அமெரிக்காவில் லாரி ஓட்டப் போகிறேன் என்று வருகிற நம் ஆட்களிடம் நான் முதலில் சொல்வது, காசு கட்டி எந்த ஆப்பும் வாங்காதீர்கள் என்பதுதான். சிடிஎல் என்பது லாரி, பஸ் போன்ற வணிக வண்டிகளை ஓட்ட அங்கே வாங்கும் லைசன்ஸ். அதற்கான கையேட்டை மாநில அரசே இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. கேள்விகள் அதிலிருந்துதான் வரும். தடிமனைப் பார்த்து மலைக்க வேண்டாம். பஸ், டேங்கர், ஹஸ்மத் (ஆபத்தான சரக்கு) பகுதிகளை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டால் நன்றாகவே இளைத்துவிடும்.

டிராக்டர்-டிரெய்லருக்கு, அதாவது பின்னால் டிரெய்லர் மாட்டிய பெரிய லாரிக்கு, கிளாஸ் ஏ லைசன்ஸ் வேண்டும். பொது அறிவில் (வண்டி ஓட்டுவது பற்றிய பொதுப் பகுதி) 50 கேள்வி, காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் பிரேக்கில் 25, காம்பினேஷனில் (டிரெய்லர் மாட்டிய வண்டி) 20. ஒவ்வொன்றிலும் தனித்தனியாக 80 சதவீதம் வேண்டும். நான் இருக்கிற டெக்சாஸில் மாநில விதிகளுக்கென்று இன்னொரு தேர்வும் உண்டு.

எல்லோரும் முதல் பக்கத்திலிருந்து படிப்பார்கள். நான் ஏர் பிரேக்கில் ஆரம்பிக்கச் சொல்வேன். அதில் தேறாவிட்டால் லைசன்ஸில் 'எல்' என்று ஒரு தடை விழும். ஏர் பிரேக் வண்டியைத் தொட முடியாது. அப்புறம் எந்த கம்பெனி வேலை கொடுக்கும்?

நாமக்கல் பக்கம் பட்டறை வாசலில் வளர்ந்தவன் நான். ஊரில் வருஷக்கணக்காக லாரி ஓட்டியவர்களுக்கும் இந்தத் தேர்வு இடறும். பிரேக் தெரியாமல் இல்லை, எண் தெரியாமல். அந்த எண்களை வெறுமனே உருப்போட்டால் தேர்வு அறையில் குழம்பிவிடும். காரணத்தோடு பிடித்துக்கொள்ளுங்கள். பார்க்கிங் பிரேக்கைப் பிடிப்பது காற்று அல்ல, ஸ்பிரிங். காற்று அந்த ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். காற்று போனால் ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைக் கவ்விவிடும்.

என் மச்சினனுக்கு இதைப் புத்தகத்தில் காட்டிப் பயனில்லை. யார்டில் நின்ற வண்டியில் ஏற்றி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை நிறுத்தி, சாவியை ஆனில் வைத்து பெடலை மிதி மிதி என்று மிதிக்கச் சொன்னேன். காற்றழுத்த முள் இறங்கியது, எச்சரிக்கை விளக்கு எரிந்து பஸ்ஸர் கத்தியது, இன்னும் இறங்கியதும் பார்க்கிங் பிரேக்கின் மஞ்சள் குமிழ் 'டப்'பென்று வெளியே குதித்தது. காற்றழுத்தம் 20 முதல் 45 பிஎஸ்ஐக்குள் (அழுத்தத்தின் அளவு) வந்தால் ஸ்பிரிங் பிரேக் பிடிக்கும் என்பதை அவன் அதற்கப்புறம் மறக்கவில்லை.

காற்றுக் கசிவும் அப்படித்தான். பிரேக்கை விடுவித்து ஒரு நிமிடம் பார்த்தால் ஒற்றை வண்டியில் 2 பிஎஸ்ஐக்கு மேலும், டிரெய்லர் மாட்டியதில் 3-க்கு மேலும் இறங்கக் கூடாது. பெடலை மிதித்துப் பிடித்தால் ஒற்றை வண்டியில் 3, டிரெய்லர் மாட்டியதில் 4. டிரெய்லர் வந்தால் குழாயும் இணைப்பும் கூடும், அதனால் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்.

பொது அறிவில் தூரக் கணக்குதான் முக்கியம். 55 மைல் வேகத்தில் ஆபத்தைக் கண்டு உணர்வதற்குள் 142 அடி, கால் பெடலுக்குப் போவதற்குள் 61 அடி, பிரேக் பிடித்து நிற்க 216 அடி. மொத்தம் 419. ஏர் பிரேக்கில் காற்று சக்கரம் வரை போய்ச் சேரும் தாமதத்துக்கு இன்னும் 32 அடி சேரும். முன் வண்டிக்கும் உங்களுக்கும் இடைவெளி, வண்டி நீளத்தில் 10 அடிக்கு ஒரு விநாடி. 40 மைலுக்கு மேல் போனால் ஒரு விநாடி கூடுதல். ஆக 60 அடி வண்டிக்கு 7 விநாடி. டயர் பள்ளத்தின் ஆழம் முன் சக்கரத்துக்குக் குறைந்தது 4/32 அங்குலம், மற்றதற்கு 2/32.

காம்பினேஷனில் பெரிய வில்லங்கம் இல்லை. டிரெய்லருக்குப் போகும் காற்றுக் குழாய்களில் சர்வீஸ் லைன் நீலம், எமர்ஜென்சி லைன் சிவப்பு. டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் பிடிக்கிற டிரெய்லர் ஹேண்ட் வால்வைப் பார்க்கிங்குக்குப் பயன்படுத்தவே கூடாது. இந்த இரண்டையும் சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள்.

தமிழில் புரிந்துகொள்ளுங்கள், ஆனால் ஆங்கிலத்திலேயே படியுங்கள். சாலைப் பலகையைப் படிக்கவும் அதிகாரியிடம் பேசவும் ஆங்கிலம் வேண்டும் என்பது அமெரிக்க மத்திய அரசின் விதி. 2025 ஜூன் முதல் அதில் தேறாதவரைச் சாலைச் சோதனையிலேயே வண்டி ஓட்டவிடாமல் நிறுத்துகிறார்கள்.

பயிற்சிக் கேள்விகளைக் கடைசி வாரத்துக்கு வையுங்கள். தப்பாகப் போன ஒவ்வொன்றுக்கும் கையேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள். சரியான விடையை மட்டும் பார்த்துவிட்டு நகர்வது வீண்.

தேறினால் கையில் வருவது சிஎல்பி, அதாவது பழகுநர் பெர்மிட். ஓட்டும் தேர்வுக்கு அதற்கப்புறம் குறைந்தது 14 நாள் பொறுக்க வேண்டும். முதல் தடவை லைசன்ஸ் எடுப்பவர் பதிவு பெற்ற பள்ளியில் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். 2022 பிப்ரவரி 7 முதல் இதுதான் விதி. பயிற்சி வண்டி ஆட்டோமேட்டிக்கா என்று சேரும்போதே கேளுங்கள். அதில் தேர்வு கொடுத்தால் கியர் வண்டி ஓட்ட முடியாதபடி 'இ' தடை போட்டுவிடுவார்கள்.