சீருடையைக் கழற்றும் முன்பே ஏ.ஆர்.ஆர்.டி. தேர்வு

அமெரிக்க ராணுவத்தில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் (பணிக்குறியீடு 68பி) இருப்பவர்கள், எக்ஸ்ரே தொழில்நுட்பர்களுக்கான சான்றிதழைத் தரும் ஏ.ஆர்.ஆர்.டி. தேர்வை ஓய்வுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் பணியில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். வெளியே மருத்துவமனைகள் முதலில் தேடுவது அந்தச் சான்றிதழைத்தான். எத்தனை ஆண்டு ராணுவ அனுபவம் என்பதெல்லாம் அப்புறம். பணியில் உள்ளவருக்குத் தேர்வுக் கட்டணத்தை ராணுவமே ஏற்கும் வழி இருக்கிறது, விவரம் ராணுவத்தின் 'ஆர்மி கூல்' இணையதளத்தில் கிடைக்கும். பயிற்சி முடிந்து 3 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற விதியும் உண்டு, பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

பயிற்சி மட்டும் போதாது. 2015 முதல் குறைந்தபட்சம் அசோசியேட் பட்டமும் (இரண்டு ஆண்டுக் கல்லூரிப் பட்டம்) கட்டாயம். அது எந்தப் பாடத்திலும் இருக்கலாம் என்பது பெரிய சலுகை. ஜே.எஸ்.டி. என்ற ராணுவப் படிப்புச் சான்றை இலவசமாக எடுத்துக் கல்லூரியில் கொடுத்தால், படிக்க வேண்டிய பாடங்கள் குறைய வாய்ப்புண்டு. எவ்வளவு குறையும் என்பது கல்லூரியைப் பொறுத்தது. இரண்டு மூன்று இடங்களில் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

விமானப்படையினருக்கு ஜே.எஸ்.டி. பொருந்தாது, அவர்களுக்கு அவர்களது சமுதாயக் கல்லூரியின் மதிப்பெண் சான்றுதான். ஏற்கெனவே வெளியே வந்துவிட்டவர்கள் தேர்வுக் கட்டணத்தை ஜி.ஐ. பில் என்ற முன்னாள் படைவீரர் கல்வி உதவித் திட்டம் மூலம் திரும்பப் பெற முடியுமா என்று பாருங்கள். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் மாநில உரிமமும் தனியாக வாங்க வேண்டும்.