இளவயது ஆண்களுக்குக் கொலஸ்ட்ரால் கூடினால்: சாப்பாட்டை எங்கிருந்து திருத்துவது?

"ஆள் ஒல்லி, வயது முப்பதுகூட ஆகவில்லை, எனக்கு எப்படிக் கொலஸ்ட்ரால்?" ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும் இளைஞர்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான். உடலிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பங்கைக் கல்லீரலே தயாரிக்கிறது. ரத்தத்தில் சுற்றும் எல்டிஎல்லை (கெட்ட கொலஸ்ட்ரால் என்பது இதுதான்) பிடித்து வெளியேற்றுவதும் அதே கல்லீரல்தான். அப்படிப் பிடிக்கும் ஏற்பிகளைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. வெண்ணெய், சீஸ், கொழுப்புள்ள இறைச்சி போன்றவற்றில் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பை நிறையச் சாப்பிட்டால் இந்த ஏற்பிகளின் வேலை மந்தமாகும், எல்டிஎல் ரத்தத்திலேயே தங்கிவிடும். ஒல்லியாக இருப்பவருக்கும் இது நடக்கும்.

வயதை நம்பியும் இருக்க முடியாது. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் படைவீரர்களின் இதயங்களை ஆராய்ந்த முடிவு 1953-ல் வெளியானது. அவர்களின் சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேரின் இதயத் தமனிகளில் அப்போதே நோயின் தடம் இருந்தது. எல்டிஎல் எவ்வளவு கூடியிருக்கிறது என்பதோடு, எத்தனை வருடம் கூடியே இருந்தது என்பதும் கணக்கில் சேரும். அதனால்தான் இருபதுகளிலேயே கவனிக்கச் சொல்கிறேன்.

படி 1: ரிப்போர்ட்டைப் படியுங்கள்

மொத்தக் கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம்: மொத்தம் 232, எச்டிஎல் என்ற நல்ல கொலஸ்ட்ரால் 38, ரத்தத்திலுள்ள கொழுப்பான ட்ரைகிளிசரைடு 210 (எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு மில்லிகிராமில்). ட்ரைகிளிசரைடை 5-ஆல் வகுத்தால் 42. மொத்தத்திலிருந்து 38-ஐயும் 42-ஐயும் கழித்தால் 152. பல ஆய்வகங்கள் எல்டிஎல்லை இப்படிக் கணக்குப் போட்டுத்தான் தருகின்றன. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு சரிவராது.

எல்டிஎல் 100-க்குள் இருந்தால் நல்லது, 130-க்கு மேல் எல்லைக்கோடு, 160-க்கு மேல் அதிகம். ஆண்களுக்கு எச்டிஎல் 40-க்குக் கீழே போனால் குறைவு. ட்ரைகிளிசரைடு 150-க்குள் இருக்க வேண்டும். ஆக, நம் உதாரணத்தில் மூன்றுமே சரியில்லை.

எல்டிஎல் 190-ஐத் தொட்டாலோ, அப்பா, அண்ணன், தம்பி யாருக்காவது 55 வயதுக்கு முன்போ, அம்மா, அக்கா, தங்கை யாருக்காவது 65-க்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தாலோ, சாப்பாட்டை மாற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். முதலில் மருத்துவரைப் பாருங்கள். பரம்பரையாக வரும் உயர் கொலஸ்ட்ரால் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. உணவால் மட்டும் அதை அடக்க முடியாது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எல்டிஎல் ஏறும், அதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

படி 2: மூன்று நாள் சாப்பாட்டை எழுதுங்கள்

இரண்டு வேலை நாள், ஒரு விடுமுறை நாள் போதும். வாயில் போட்டதெல்லாம் எழுத வேண்டும், இரவு பதினொரு மணிக்குத் தின்றதும் சேர்த்து. கலோரியைக் கணக்கிட வேண்டாம். எழுதியதில் நான்கு வகைகளை மட்டும் வட்டமிடுங்கள்: (1) வெண்ணெய், சீஸ், கொழுப்புள்ள இறைச்சி; (2) பொரித்தவையும் பேக்கரிப் பண்டங்களும்; (3) இனிப்புப் பானங்கள்; (4) மது. முதல் இரண்டும் பெரும்பாலும் எல்டிஎல்லை ஏற்றும். கடைசி இரண்டும் ட்ரைகிளிசரைடை ஏற்றும். உங்கள் ரிப்போர்ட்டில் எது கூடியிருக்கிறதோ, அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

படி 3: எடுத்த இடத்தில் எதை வைக்கிறீர்கள்?

பலர் சறுக்குவது இங்கேதான். கொழுப்பை நிறுத்திவிட்டு, பசிக்கு வெள்ளை ரொட்டியும் கொழுப்பு நீக்கிய பிஸ்கட்டுமாகச் சாப்பிடுவார்கள். எல்டிஎல் கொஞ்சம் இறங்கலாம். ஆனால் ட்ரைகிளிசரைடு ஏறி, எச்டிஎல் குறைந்துபோகும். இதயத்துக்குப் பெரிய லாபம் எதுவும் கிடைக்காது. நிறைவுற்ற கொழுப்பின் இடத்தில் நிறைவுறாக் கொழுப்பு வந்தால்தான் பலன் தெரியும். வெண்ணெய்க்குப் பதில் ஆலிவ் அல்லது சூரியகாந்தி எண்ணெய், சிப்ஸுக்குப் பதில் ஒரு கைப்பிடி பாதாமோ வால்நட்டோ, வாரத்தில் சில வேளை இறைச்சிக்குப் பதில் மீனோ பயறோ.

ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுபவர் நிறைவுற்ற கொழுப்பை ஏறத்தாழ 22 கிராமுக்குள் நிறுத்த வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் 10 சதவீத வரம்பு அதுதான். இதை லேபிளில் பார்க்கப் பழகுங்கள். ஒரு பிஸ்கட் பாக்கெட்டில் "ஒரு முறைக்கு 25 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 2.5 கிராம்" என்று போட்டிருக்கிறது. பார்க்கக் குறைவுதான். ஆனால் டிவி முன்னால் உட்கார்ந்து 100 கிராம் தின்றால் 10 கிராம் ஆகிவிடும், நாளின் வரம்பில் கிட்டத்தட்டப் பாதி. அதனால் எப்போதும் "100 கிராமுக்கு" என்ற வரிசையையே பாருங்கள். 5 கிராமுக்கு மேல் இருந்தால் அதிகம், 1.5 கிராமுக்குள் இருந்தால் குறைவு. பொருட்களின் பட்டியலில் "பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய்" என்று இருந்தால் பாக்கெட்டை அப்படியே திரும்ப வைத்துவிடுங்கள். அது எல்டிஎல்லை ஏற்றி எச்டிஎல்லையும் குறைக்கும் டிரான்ஸ் கொழுப்பு.

முட்டையைப் பற்றிக் கேட்பீர்கள். பெரும்பாலானவர்களுக்கு உணவிலுள்ள கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்பே எல்டிஎல்லை அதிகம் உயர்த்துகிறது. முட்டையைவிட அதை எதில் பொரிக்கிறீர்கள், பக்கத்தில் என்ன வைத்துச் சாப்பிடுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள்.

படி 4: கரையும் நார்ச்சத்தைச் சேருங்கள்

ஓட்ஸ், பார்லி, பீன்ஸ், பயறு, ஆப்பிள். இவற்றிலுள்ள நார், கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் சுரக்கும் பித்த அமிலங்களைக் குடலில் பிடித்து வெளியே தள்ளும். புதிய பித்த அமிலம் செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார் நாளைக்கு 3 கிராம் வேண்டும், அதற்குச் சுமார் 75 கிராம் ஓட்ஸ் போதும். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும், அதனால் மெல்ல மெல்ல ஏற்றுங்கள், தண்ணீரும் கூடக் குடியுங்கள்.

படி 5: ஜிம் பக்கமும் பாருங்கள்

மாவுச்சத்தை அடியோடு விட்டுவிட்டு இறைச்சியும் வெண்ணெயுமாகச் சாப்பிடும் டயட்டில் எடை குறையலாம், ஆனால் சிலருக்கு, குறிப்பாக ஒல்லியானவர்களுக்கு, எல்டிஎல் எக்கச்சக்கமாக ஏறிவிடுகிறது. தசைக்காகப் போடும் அனபாலிக் ஸ்டீராய்டு எச்டிஎல்லைத் தரைமட்டமாக்கி எல்டிஎல்லை உயர்த்தும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். ஏற்கெனவே போடுகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வடிகட்டாத காபிகூட எல்டிஎல்லைக் கொஞ்சம் கூட்டும், காகித வடிகட்டி போட்டால் அந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீரும்.

படி 6: மறுபடி சோதியுங்கள்

எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து, முடிந்தால் அதே ஆய்வகத்தில். முந்தைய நாள் மது வேண்டாம், அது ட்ரைகிளிசரைடைத் தூக்கிக் காட்டும். எண்கள் இறங்கியிருந்தால் இதே சாப்பாட்டைத் தொடருங்கள். இறங்கவில்லை என்றால் மூன்று நாள் குறிப்பையும் இரண்டு ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மாத்திரை எழுதினால் எடுத்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டு மாற்றத்தையும் விட்டுவிடாதீர்கள். பரம்பரைக் கொலஸ்ட்ரால் என்று உறுதியானால் உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் சோதிக்கச் சொல்லுங்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் அது இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு.