ரேஸ் வீலில் விரிசல் இருக்கிறதா? வீட்டிலேயே டி.பி. டெஸ்ட் செய்யும் முறை

பழைய ரேஸ் வீல் வாங்க வருபவர்கள் முதலில் அதைச் சுழற்றி, ரிம் வளைந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். வளைவு கண்ணுக்குத் தெரியும். ஓட்டும்போது ஸ்டீயரிங் உதறலும் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்போக்கின் வேரில் மயிரிழையாக ஓடும் விரிசல் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. திருப்பத்தில் பாரம் ஏறும் நேரத்தில் வீல் பிளந்துவிடும். டி.பி. என்பது டை பெனிட்ரன்ட், அதாவது விரிசலுக்குள் சாயத்தை இறக்கி அதைக் காட்டவைக்கும் சோதனை. ஒரு டி.பி. கிட்டும் நல்ல டார்ச்சும் இருந்தால் ஒரு காலைப் பொழுதில் அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

எஃகு, ஓர் அளவுக்குக் கீழே இருக்கும் பாரத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படிப்பட்ட எல்லை இல்லை; சிறிய பாரமும் திரும்பத் திரும்ப வந்தால் அதன் ஆயுளைக் குறைக்கும். கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு சுற்று 2.1 கி.மீ. 13 அங்குல வீலில் மாட்டிய டயர் ஒருமுறை உருண்டால் ஏறக்குறைய 1.7 மீட்டர் நகரும். அப்படியானால் ஒரே சுற்றில் ஒவ்வொரு ஸ்போக்கும் 1,200 முறைக்கு மேல் பாரம் ஏறி இறங்குகிறது. எடையைக் குறைக்க அலுமினியத்தை மெலிதாக்கிய வீல் இது. அதனால், பார்க்கப் புதிதுபோல் இருக்கிறது என்பதை நான் ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்வதில்லை.

1. கழுவி, பெயின்டை நீக்குங்கள்

டயரைக் கழற்றி, பாலன்ஸ் எடைகளையும் அவற்றின் பசையையும் எடுத்துவிட்டு, சோப்பு நீரால் பிரேக் தூசி போகக் கழுவுங்கள். சோதிக்கும் இடங்களில் பெயின்ட் இருக்கக் கூடாது. அதை பெயின்ட் ரிமூவர் போட்டு மட்டுமே எடுங்கள். சாண்ட் பிளாஸ்டிங் வேண்டவே வேண்டாம். அது மேற்பரப்பை நசுக்கி விரிசலின் வாயை அடைத்துவிடும்; பிறகு எந்தச் சாயமும் உள்ளே போகாது. கிரைண்டரில் மாட்டும் கம்பி பிரஷ்ஷும் அதே வேலையைத்தான் செய்யும்.

2. திருப்பிப் போட்டுப் பாருங்கள்

வீலின் பின்பக்கத்தைத்தான் அதிகம் பார்க்க வேண்டும். ஸ்போக் ரிம்மோடு சேரும் மூலை, ஸ்போக் ஹப்போடு சேரும் வளைவு, போல்ட் துளைகளின் விளிம்பு, வால்வு துளை, உட்புற ரிம் ஓரம் ஆகியவையே முக்கியமான இடங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல், ஒளி பரப்போடு ஒட்டிப் போகும்படி சாய்த்துப் பிடியுங்கள். கீறலின் அடி பளபளக்கும். விரிசல் மெல்லிய கறுப்புக் கோடாகச் சற்று நெளிந்து போகும். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் நல்லது.

3. சிவப்புச் சாயம்

டி.பி. கிட் வெல்டிங் சாமான் கடைகளில் கிடைக்கும். கிளீனர், பெனிட்ரன்ட் (விரிசலுக்குள் இறங்கும் சிவப்புச் சாயம்), டெவலப்பர் (அந்தச் சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளைப் பொடி) என்று மூன்று ஸ்ப்ரே டப்பாக்கள். மூன்றையும் ஒரே கம்பெனியில் வாங்குங்கள். என் விருப்பம் மேக்னாஃப்ளக்ஸ் ஸ்பாட்செக். இருட்டில் ஒளிரும் வகை இன்னும் நுட்பமானது. ஆனால் அதற்குப் புற ஊதா விளக்கும் இருட்டறையும் தேவைப்படுவதால் வீட்டுக்குச் சிவப்பே போதும்.

கிளீனரால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு சாயத்தை அடித்து 20 நிமிடம் விடுங்கள். வீலின் சூடு 5 முதல் 52 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். நம் ஊர் மே மாத வெயிலில் கிடந்த உலோகம் அதை எளிதாகத் தாண்டிவிடும் என்பதால் காலையில் நிழலில் செய்யுங்கள். கையுறை போடுங்கள். மூன்று டப்பாவும் தீப்பிடிக்கக் கூடியவை. பக்கத்தில் கிரைண்டரோ வெல்டிங்கோ நடக்கக் கூடாது.

4. மிச்சச் சாயத்தைத் துடைத்தல்

சோதனை பிழைப்பதும் கெடுவதும் இங்கேதான். மேற்பரப்பில் இருக்கும் சாயம் முழுக்கப் போக வேண்டும். விரிசலுக்குள் இறங்கிய சாயம் அப்படியே இருக்க வேண்டும். கிளீனரை வீல் மேல் நேரடியாக அடித்தால் உள்ளே இருப்பதும் கழுவிக்கொண்டு வந்துவிடும். விரிசல் விழுந்த வீலும் சுத்தமான வீலாகத் தெரியும். டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் சரி, அவசரப்படுபவர்கள் இதைத்தான் செய்கிறார்கள்.

முதலில் பஞ்சு உதிராத வெள்ளைத் துணியால், காய்ந்த நிலையிலேயே, ஒரே திசையில் துடையுங்கள். துணியை மடித்து மடித்துப் புதுப் பக்கத்தைப் பயன்படுத்துங்கள். துணியில் வெளிர் சிவப்பு மட்டும் வரும் நிலைக்கு வந்ததும், வேறொரு துணியில் கிளீனரைச் சிறிது அடித்து, ஈரம் சொட்டாமல் லேசாகத் துடைத்து முடியுங்கள். ஸ்போக் மூலைகளில் துணி நுழையாது. துணியை ஒரு மரக்குச்சியில் சுற்றிக்கொள்ளுங்கள். மூலையில் சாயம் தேங்கியிருந்தால் அடுத்த கட்டத்தில் அது விரிசலைப் போலவே ஏமாற்றும்.

5. டெவலப்பர்

டப்பாவை நன்றாகக் குலுக்கி, ஓர் அடி தூரத்திலிருந்து மெல்லிய வெண்படலமாக அடியுங்கள். தடிப்பாக அடித்தால் சிறு விரிசல் மறைந்துபோகும். அடித்ததிலிருந்தே கவனித்துக்கொண்டிருங்கள், பெரிய விரிசல் உடனே சிவப்புக் கோடாக ஊறி வரும். 10 நிமிடம் கழித்து மறுபடியும் முழுக்கப் பாருங்கள்.

தனித்தனிப் புள்ளிகள் பெரும்பாலும் வார்ப்பில் விழுந்த நுண்துளைகள். கோடு தெரிந்தால் அந்த வீல் முடிந்தது. ஸ்போக் வேரில் புள்ளிகள் வரிசையாக நின்றாலும் நான் ஒதுக்கிவிடுவேன். சந்தேகம் இருந்தால் எல்லாவற்றையும் சுத்தம் செய்து முதலிலிருந்து ஒருமுறை பாருங்கள். உண்மையான விரிசல் அதே இடத்தில் திரும்ப வரும்.

வெல்டிங் வைத்து ஓட்டலாமா என்று கேட்காதீர்கள். வெல்டிங் சூடு பட்ட பகுதியில், தயாரிக்கும்போது சூடேற்றிக் கொடுத்த சூட்டுப் பதத்தால் வந்த பலம் போய்விடும். அந்த வீலை வேறு யாரும் மாட்டாதபடி ரம்பத்தால் ரிம்மை அறுத்துவிட்டே பழைய இரும்புக் கடைக்குக் கொடுங்கள்.

பின்சேர்க்கை: சோதனை முடிந்ததும் பவுடர் கோட்டிங் கொடுக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். வார்ப்பு அலாய் வீல்களுக்குப் பலம் தரும் கடைசிச் சூட்டுப் பதம் பெரும்பாலும் 150 முதல் 160 டிகிரிக்குள்தான் நடக்கிறது. பவுடர் கோட்டிங் அடுப்பு வழக்கமாக 180 முதல் 200 டிகிரி. அந்தச் சூட்டில் அந்தப் பலம் குறையக்கூடும். ரேஸ் வீலுக்குச் சாதாரண ஸ்ப்ரே பெயின்ட்டே போதும், அதுவும் மெல்லியதாக.

மெக்னீசியம் வீல் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதை அறுக்கவோ தேய்க்கவோ செய்தால் உதிரும் தூள் தீப்பற்றும். அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றினால் இன்னும் வெறியோடு எரியும். அந்த வீலை அறுக்காமல் ஸ்போக்குகளின் மேல் பெயின்டால் பெரிய குறுக்குக் கோடு போட்டுத் தனியே வையுங்கள்.