பசுமை விடுதி நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக விடுதி தொடங்குவோரும், பழைய விடுதியைச் சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக மாற்ற முனைவோரும் என்னைப் போன்ற பராமரிப்புப் பொறியாளர்களை இப்போது அடிக்கடி அழைக்கிறார்கள். அவர்களுடைய ஆர்வம் உண்மையானது. ஆயினும் எங்கள் தலைமுறை செய்து நட்டப்பட்ட அதே தவறுகள் மறுபடியும் நடப்பதைப் பார்த்ததால் இதை எழுதுகிறேன். ஒழுகும் குழாயை அடைப்பது, எல்.இ.டி. விளக்குக்கு மாறுவது போன்றவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

புளோயரை இரவில் நிறுத்துவது

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை, அதாவது தொழிலில் நாங்கள் எஸ்.டி.பி. என்று சொல்வதை, வேண்டும்போது ஓட்டி வேண்டாதபோது நிறுத்தும் ஜெனரேட்டரைப்போல நடத்துவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. அங்கே கழிவைத் தின்று நீரைத் தெளியவைப்பவை காற்றூட்டுத் தொட்டியில் வாழும் நுண்ணுயிரிகள். அவை உயிரோடிருக்க, லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் ஆக்சிஜன் அந்த நீரில் கரைந்திருக்க வேண்டும். அந்தக் காற்றைத் தருவது புளோயர்.

மலைப்பகுதி விடுதி ஒன்றில், மின்கட்டணத்தைக் குறைப்பதற்காக இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை புளோயரை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். முதல் மாதக் கட்டணம் குறைந்ததும் அதைச் சிக்கனம் என்று பாராட்டவும் செய்தார்கள். சுத்திகரித்த நீரையே கழிப்பறை ஃபிளஷ் தொட்டிகளுக்கு அனுப்பும் அமைப்பு அங்கே இருந்தது. கோடைப் பருவம் தொடங்கி அறைகள் நிரம்பியதும், குளியலறையில் நாற்றம் வருவதாக விருந்தினர்கள் வரவேற்பறைக்கு வந்து புகார் சொல்லத் தொடங்கினார்கள். அறைகளைச் சுத்தம் செய்யும் ஹவுஸ்கீப்பிங் பிரிவு தனக்குத் தெரிந்த தீர்வாகப் பிளீச்சிங் பவுடரையும் பினாயிலையும் இரட்டிப்பாக ஊற்றியது. ஊற்றியது அனைத்தும் அதே குழாய்களின் வழியே எஸ்.டி.பி.க்குப் போய், மூச்சுமுட்டிக் கிடந்த நுண்ணுயிரிகளில் மீதியிருந்தவற்றையும் கொன்றது. நாற்றம் கூடியதால் பிளீச்சும் கூடியது. நிலையத்தைக் கவனிக்கும் ஆபரேட்டருக்கும் அறை சுத்தம் செய்யும் பணியாளருக்கும் இடையே ஒரு முறைகூடப் பேச்சு நடக்கவில்லை.

முடிவில் தொட்டியைக் காலி செய்யக் கழிவு லாரிகள் வந்தன. நன்றாக ஓடும் வேறொரு நிலையத்திலிருந்து நுண்ணுயிரிகள் உயிரோடிருக்கும் சேறு கொண்டுவரப்பட்டது. ஃபிளஷ் தொட்டிகளுக்குக்கூட டேங்கர் தண்ணீர் விலைக்கு வாங்கப்பட்டது. குளிர்ப் பகுதியில் நுண்ணுயிரிகள் மெதுவாகவே பெருகும் என்பதால், நிலையம் பழைய நிலைக்கு வருவதற்குள் பருவமே முடிந்துவிட்டது. மிச்சப்படுத்திய மின்கட்டணத்தைவிடப் பல மடங்கு செலவு அது. சுத்திகரிக்கப்படாமல் ஓடைக்குப் போன நீரை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. காற்றூட்டுத் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் நீரைக் கண்ணாடி அளவு ஜாடியில் எடுத்து, அசைக்காமல் 30 நிமிடம் வையுங்கள். பழுப்பு நிறச் சேறு ஜாடியின் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை படிந்து, மேலே தெளிந்த நீர் நின்று, ஈரமண் வாசம் வந்தால் நிலையம் நலமாக இருக்கிறது. சேறு கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் காற்று போதவில்லை. சேறே படியாமல் நீர் கலங்கலாக நின்றால் நுண்ணுயிரிகள் சாகின்றன என்று பொருள். அன்றைக்கே ஹவுஸ்கீப்பிங் அறைக்குப் போய் என்ன ஊற்றுகிறார்கள் என்று கேளுங்கள். ஆபரேட்டர் இதை நாள்தோறும் செய்து பதிவேட்டில் எழுத வேண்டும். மேலாளர் வாரம் ஒரு முறையாவது ஜாடியைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

மின்சாரத்தைக் குறைக்க நேர்வழிகள் இருக்கின்றன. புளோயர் தரும் காற்றைத் தொட்டியில் சிறு குமிழிகளாக விடும் டிஃப்யூசர்களின் அடைப்பை நீக்குங்கள்; கரைந்த ஆக்சிஜனை அளக்கும் மீட்டரைப் பொருத்தி, அதற்கேற்ப புளோயரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியை இணையுங்கள். விருந்தினர் வராத மாதங்களில் நுண்ணுயிரிகள் பட்டினி கிடக்கும். அப்போது வெல்லக் கரைசலும் சாணக் கரைசலும் ஊற்றி அவற்றைக் காப்பாற்றும் பழைய ஆபரேட்டர்கள் இருக்கிறார்கள். அந்த அனுபவத்தை அலட்சியப்படுத்தாதீர்கள்.

கிரீஸ் டிராப்பில் கொதிநீர் ஊற்றுவது

சமையலறைக் கழிவுநீரிலிருந்து கொழுப்பைப் பிரித்து நிறுத்தும் தொட்டி இது. அள்ளி எடுப்பது அருவருப்பான வேலை என்பதால், கொதிநீரையும் சோப்பையும் ஊற்றிக் கரைத்துவிடுகிறார்கள். கரைந்த எண்ணெய் சற்றுத் தள்ளிக் குழாயில் குளிர்ந்து மறுபடி உறைகிறது, தப்பியது எஸ்.டி.பி.யில் படலமாக மிதக்கிறது. கரைக்காமல் அள்ளியே எடுக்க வேண்டும். அதைச் செய்பவருக்குக் கையுறையும் கூடுதல் படித்தொகையும் கொடுங்கள். பொரித்த எண்ணெயை ஒருபோதும் இந்த வழியில் விடக் கூடாது. எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்குவதால் அதில் உண்டாகும் மொத்த துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதித்து, அது 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அப்படிப்பட்ட எண்ணெயைத் தனிக் கேனில் சேர்த்து, பயோடீசலுக்காக வாங்கும் அங்கீகரிக்கப்பட்ட சேகரிப்பாளரிடம் கொடுங்கள்.

சூரிய வெந்நீருக்குத் திரும்பு குழாய் போடாதது

மொட்டைமாடியில் வெந்நீர் தயாராக இருந்தாலும், கடைசி அறைக்கு அது வந்துசேரும் வரை குழாயில் தேங்கிய குளிர்ந்த நீரை விருந்தினர் திறந்துவிட்டுக் காத்திருக்கிறார். எரிபொருளில் மிச்சம் பிடித்ததைத் தண்ணீரில் இழக்கிறீர்கள். வெந்நீரைச் சுற்றிவரச் செய்யும் திரும்பு குழாயும் சிறு பம்பும், அவற்றின் மேல் வெப்பக் காப்பு உறையும் கட்டுமானத்தின்போதே போடப்பட வேண்டும். பிறகு சுவரை உடைக்க எந்த உரிமையாளரும் சம்மதிப்பதில்லை.

துண்டு அட்டை

குளித்த துண்டை மறுபடி பயன்படுத்தும்படி விருந்தினரைக் கேட்டுக் குளியலறையில் வைக்கும் அட்டை இது. அமெரிக்க விடுதி ஒன்றில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், "சுற்றுச்சூழலைக் காப்போம்" என்ற அட்டையைப் படித்தவர்களில் ஏறத்தாழ 35 விழுக்காட்டினர் துண்டை மறுபடி பயன்படுத்தினார்கள். இங்கே தங்கும் பெரும்பாலானோர் அப்படிச் செய்கிறார்கள் என்று எழுதியபோது அது 44 விழுக்காடானது. ஆகவே வாசகத்தில் அக்கறை காட்டுங்கள். ஆனால் விருந்தினர் கொக்கியில் மாட்டிய துண்டையும் பழக்கத்தால் எடுத்துச் சென்று சலவைக்குப் போடும் பணியாளருக்குச் சொல்லிக்கொடுக்காவிட்டால், எந்த வாசகத்தாலும் பயனில்லை.

காகிதக் கோப்பை

உள்ளே பிளாஸ்டிக் பூசிய கோப்பை தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டது. எவர்சில்வர் டம்ளர் வாங்குங்கள்.

ஏ.சி.

24 டிகிரியில் வைப்பதற்கு முன் ஜன்னல் இடுக்குகளை அடையுங்கள்.

சான்றிதழ்

பசுமை விடுதி என்ற சான்றிதழுக்கு விண்ணப்பிப்பதற்கு முன் 12 மாத மின்சாரம், தண்ணீர், டீசல், குப்பை எடைக் கணக்கைக் கையில் வைத்திருங்கள். ஒவ்வொன்றையும் ஆள் தங்கிய அறை-இரவுகளின் எண்ணிக்கையால் வகுத்து எழுதுங்கள். இல்லையென்றால் கூட்டமில்லாத மாதமெல்லாம் சேமித்த மாதமாகத் தெரியும்.